“ஒத்துக்கொள்ளவில்லை” என்று ஒதுக்குவதற்கு முன்: உணவை மாற்றியபின் உடம்பைக் கவனிக்கும் முறை

மதுரைப் பக்கத்தில் ஓர் உணவைப் பற்றிச் சொல்லப்படும் கடைசித் தீர்ப்பு “அது எனக்கு ஒத்துக்கொள்ளாது” என்பதுதான். கம்பு சூடு, கேழ்வரகு மந்தம், தயிர் சளி, முட்டை பித்தம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ஒரு பண்டம் ஏறிவிட்டால் பிறகு இறங்குவதே இல்லை. ஆனால் இரவு 10 மணிக்கு 4 பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துச் சாப்பிட்டுவிட்டு, 20 ஆண்டுகளாக விடிகாலையில் எதுக்களிப்போடு எழுந்திருப்பவர்கூடப் பரோட்டாவை அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. பழகிய உணவு தரும் தொல்லை நமக்குத் தொல்லையாகவே தெரிவதில்லை. புதிதாக வந்த உணவு வயிற்றில் சற்றே புரண்டாலும் பெரிதாகத் தெரிகிறது.

சர்க்கரை நோய் கண்டதாலோ, எடையைக் குறைப்பதற்காகவோ, அரிசிச் சோற்றையும் மைதாவையும் குறைத்துச் சிறுதானியம், பயறு, காய்கறி, அல்லது மாவுச்சத்து குறைந்த பேலியோ போன்ற முறைக்கு மாறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். 52 வயதில் சர்க்கரை இருப்பது தெரிந்து உணவை மாற்றிய, அப்படி மாற்றிய நாளிலிருந்து ஒரு நோட்டில் எழுதிவருகிற ஆள். அந்த நோட்டு எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: உடம்பு என்ன செய்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது, சாப்பிட்டு எத்தனை நிமிடத்தில் செய்கிறது, மாறி எத்தனையாவது நாளில் செய்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் பழி சரியான பண்டத்தின்மேல் விழும்.

மாற்றுவதற்கு முந்திய வாரம்

முதல் வேலை, எதையும் மாற்றாமல் ஒரு வாரம் எழுதுவது. என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு, எவ்வளவு, காபி டீ எத்தனை முறை, வயிறு எப்படி இருந்தது, மலம் எப்படிக் கழிந்தது, தூக்கம் எப்படி என்று நாளுக்கு அரைப்பக்கம் போதும். மறைக்காமல் எழுத வேண்டும். பேருந்து நிலையத்தில் வாங்கித் தின்ற பருப்பு வடையும் உணவுதான். இந்த ஒரு வாரக் கணக்கு இல்லாவிட்டால், ஏற்கெனவே வாரத்துக்கு மூன்று நாள் இருந்த நெஞ்செரிச்சலைப் புதிதாக வந்த சாமைச் சோற்றின் கணக்கில் எழுதிவிடுவோம்.

அதே வாரத்தில் மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும். மாத்திரை எடுக்காதவர் இதைத் தள்ளிப்போடலாம். எடுப்பவர் தள்ளிப்போடக் கூடாது. இன்சுலின் போடுகிறவரோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை விழுங்குகிறவரோ பழைய அளவை அப்படியே வைத்துக்கொண்டு சோற்றைப் பாதியாக்கினால், சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி, கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, கண் மங்கும். அப்படி வந்தால் 3 தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். டாபாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால், கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் இரத்தத்தில் ஏறும் ஆபத்து உண்டு. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் திடீரென்று தினமும் கீரை சாப்பிடத் தொடங்கினால், கீரையிலுள்ள வைட்டமின் ‘கே’ அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரும் பயறும்கூட அளவு கேட்டுச் சாப்பிட வேண்டியவை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வந்துவிடுவதால் மருத்துவரைப் பார்த்து நாளாகிவிட்டவர்கள் நம் தெருக்களில் பலர். உணவை மாற்றும் மாதத்திலாவது ஒரு நடை போய்வருவது நல்லது.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

வில்லாபுரத்தில் இருக்கும் என் மைத்துனர் ஒரு திங்கட்கிழமையை நல்ல நாளாகக் குறித்து, காலையில் முளைகட்டிய பாசிப்பயறு, மதியம் குதிரைவாலிச் சோறும் கொள்ளு ரசமும், இரவு கம்பு தோசை என்று ஒரே நாளில் மாறினார். அன்றைக்கே காபியையும் விட்டார். புதன்கிழமை வயிறு மத்தளம்போல் உப்பி, தலை இரண்டாகப் பிளப்பதுபோல வலித்தது. “மாப்பிள்ளை, இந்தச் சிறுதானியமெல்லாம் நம்ம உடம்புக்கு ஆகாது” என்று எனக்கு அலைபேசியில் அறிவித்துவிட்டு, அன்று இரவே பழைய பரோட்டாக் கடைக்குத் திரும்பினார். அவர் சொன்ன தொல்லைகளில் பொய் எதுவும் இல்லை. குற்றவாளியைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டார்.

தலைவலி காபியால் வந்தது. நாள்தோறும் குடித்துவந்த காபியையோ டீயையோ திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். இரண்டாம் நாளை ஒட்டி உச்சத்துக்குப் போகும். ஒரு வாரம் வரைகூட நீடிக்கும். சோர்வும் எரிச்சலும் கூடவே வரும். விட வேண்டுமானால் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு குவளையாகக் குறைத்துக்கொண்டே வந்து விட வேண்டும், அதுவும் உணவு மாற்றம் நிலைபெற்ற பிறகு.

வயிற்று உப்புசத்துக்குக் காரணம் அளவு. 100 கிராம் தீட்டிய வெள்ளை அரிசியில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. அதே எடையுள்ள கம்பிலும் கேழ்வரகிலும் 11 கிராமுக்கு மேல். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது. ஆனால் மைதாவிலும் வெள்ளை அரிசியிலும் வளர்ந்த குடலுக்கு ஒரே நாளில் அதைக் கொடுத்தால் அது தடுமாறத்தான் செய்யும். பேலியோக்காரர்கள் காலையில் சாப்பிடும் 100 பாதாமுக்கும் இது பொருந்தும்: 12 கிராமுக்கு மேல் நார்ச்சத்து ஒரே வேளையில் இறங்குகிறது. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு, கல்லாகப் படியக்கூடிய ஆக்சலேட் பாதாமில் இருப்பது வேறு கூடுதல் கவலை.

பயறுகளின் கதை இன்னும் சுவையானது. கொள்ளு, கொண்டைக்கடலை, மொச்சை, தட்டைப்பயறு ஆகியவற்றில் ராபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சிறு சர்க்கரைத் தொடர்கள் இருக்கின்றன. அவற்றை அறுக்கும் நொதி மனிதனின் சிறுகுடலில் கிடையாது. எனவே அவை செரிக்காமலே பெருங்குடலுக்கு வந்து சேர, அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைக்கின்றன. ஹைட்ரஜனும் கரியமில வாயுவும், சிலருக்கு மீத்தேனும் உண்டாகின்றன. நாம் “வாயு” என்பது இதைத்தான். நோய் என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன என்பதற்கு அடையாளம். பயறு தொடர்ந்து கிடைத்துவந்தால் இரண்டு மூன்று வாரங்களில் பலருக்கும் இந்தப் பொருமல் கணிசமாகக் குறைந்துவிடுகிறது.

ஆகவே தொடங்கும் வழி இப்படி இருக்கலாம். முதல் வாரம் ஒரு வேளை மட்டும், பாதிச் சோற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குதிரைவாலியோ சாமையோ வைக்க வேண்டும். மற்ற வேளைகள் பழையபடியே இருக்கட்டும். இரண்டாம் வாரம் அந்த வேளையை முழுதாக மாற்றலாம். மூன்றாம் வாரம்தான் பயறு. அதுவும் எளிதில் செரிக்கும் பாசிப்பருப்பில் தொடங்கிப் பிறகு கொள்ளுக்கும் மொச்சைக்கும் போகலாம். பயற்றை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவைத்தால், மேலே சொன்ன சர்க்கரைத் தொடர்களில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். முளைகட்டினால் இன்னும் குறையும். பெருங்காயமும் ஓமமும் போடுவதில் தவறில்லை என்றாலும், ஊறிய நீரைக் கொட்டுவதற்கு அவை ஈடாகாது என்பது என் அனுபவம். கொள்ளை வேகவைத்த நீரில் ரசம் வைப்பவர்கள், வாயு தருவதில் ஒரு பங்கு அந்த ரசத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நார்ச்சத்தைக் கூட்டும்போது நீரையும் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் மலம் இறுகி, முக்கி, எரிந்து, “கம்பு சூடு” என்ற பெயர் வரும். அந்தச் சூட்டில் பெரும்பங்கு கம்புக்கும் நீருக்கும் இருந்த கணக்குப் பிழைதான். இதய நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் நீரளவு குறிக்கப்பட்டவர்கள் அந்த அளவைத் தாண்டக் கூடாது.

இன்னொன்று. புதிதாகச் சர்க்கரை கண்டவர்களுக்கு மெட்ஃபார்மினும் உணவு மாற்றமும் பெரும்பாலும் ஒரே வாரத்தில் தொடங்குகின்றன. அந்த மாத்திரையே தொடக்க வாரங்களில் வயிற்றுப்போக்கும் வாயுவும் உண்டாக்கக்கூடியது. எது எதனால் என்று பிரிக்க வேண்டுமானால் இரண்டுக்கும் இடையே ஒன்றிரண்டு வார இடைவெளி விடலாமா என்று மருத்துவரையே கேட்கலாம். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.

கடிகாரத்தை வைத்துப் பழியைப் பிரிப்பது

சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தோலில் தடிப்பு, உதடு அல்லது கண்ணிமை வீக்கம், தொண்டை இறுக்கம், மூச்சுத்திணறல் வந்தால் அது ஒவ்வாமை. இறால், நிலக்கடலை, முந்திரி போன்றவற்றால் இது வரலாம். இதில் பழகிப்பார்க்கும் பேச்சுக்கு இடமில்லை. மூச்சு வாங்கினால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும், அந்தப் பண்டத்தை வீட்டில் மறுபடி சோதிக்கவும் கூடாது.

அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வயிறு இரைந்து, உப்பி, கழிச்சல் வந்தால் பாலை நினைக்க வேண்டும். பால்சர்க்கரையான லாக்டோஸை அறுக்கும் நொதி, குழந்தைப் பருவம் கடந்தபின் நம்மில் பலருக்குக் குறைந்துவிடுகிறது. ஒரு குவளை காபியில் சேரும் பாலைத் தாங்குகிறவருக்கு, சுண்டக் காய்ச்சிய பாலும் ஐஸ்கிரீமும் சேர்ந்த ஒரு பெரிய ஜிகர்தண்டா தாங்காமல் போகலாம். அவரே தயிரை எளிதாகச் சாப்பிடுவார். உறையும்போது லாக்டோஸில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று விற்கும் பிஸ்கட்டிலும் மிட்டாயிலும் உள்ள மால்டிடால், சார்பிடால் போன்ற மாற்று இனிப்புகளும் இதேபோல வயிற்றைக் கலக்கும்.

கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு மெதுவாகவே கிளம்பும். ஆறு வாரம் எண்ணெயைக் குறைத்துவிட்டு ஒரு காதுகுத்து விருந்தில் ஆட்டுக்கறியும் குடலும் கோலா உருண்டையுமாகச் சாப்பிட்டவருக்கு நள்ளிரவு வரை நெஞ்சிலேயே நிற்பதுபோல் இருப்பது இதனால்தான். எடை மிக வேகமாக, வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கியவர்களுக்கு விருந்துக்குப் பின் வலது மேல்வயிற்றில் பிடித்து இழுத்தால் பித்தப்பைக் கல்லையும் சந்தேகிக்க வேண்டும். அத்தகைய வேக இறக்கம் கல் உண்டாக வழி செய்கிறது.

நான்கைந்து மணி நேரம் கழித்தோ மறுநாளோ வரும் வாயு பெருங்குடலின் வேலை. உணவு அங்கே போய்ச் சேரவே சில மணி நேரமாகும். முழுதாக வெளியேற ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை ஆகலாம். எனவே மாலை 5 மணிப் பொருமலுக்கு 4 மணி வடையைத் திட்டுவதில் பயனில்லை; காலை உணவையும் நேற்றைய இரவையும் பார்க்க வேண்டும். உங்கள் குடலின் வேகத்தை அறிய எளிய வழி பீட்ரூட் பொரியல்: சாப்பிட்ட மணியைக் குறித்துவைத்து, மலத்தில் செந்நிறம் தெரியும் மணியோடு ஒப்பிட்டால் போதும். வீட்டிலுள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் இரத்தம் என்று நினைத்து ஒரு காலைப்பொழுது கலவரமாயிற்று.

மாவுச்சத்தை அறவே குறைப்பவர்களுக்கு

இந்த முறையில் முதல் வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ இறங்குவது பலருக்கும் பெரும் உற்சாகம் தரும். அதில் பெரும்பகுதி நீர். உடம்பு கல்லீரலிலும் தசையிலுமாக மாவுச்சத்தை ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்துவைக்கிறது. ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் நீர் பிணைந்திருக்கிறது. சேமிப்பு கரையும்போது நீரும் போகிறது. இதே கணக்கின்படி, ஒரு நாள் விருந்துச் சாப்பாட்டுக்குப் பின் மறுநாள் எடை ஒரு கிலோ கூடினால் அது அவ்வளவும் கொழுப்பன்று. மூன்று நாள் கழித்து எடை பார்த்துவிட்டு வருந்தலாம்.

நீரோடு உப்பும் போகிறது. இன்சுலின் குறைந்தவுடன் சிறுநீரகம் சோடியத்தை அதிகமாக வெளியேற்றுவதால் இரண்டாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் தலைவலி, எழுந்தால் கிறுகிறுப்பு, இரவில் கெண்டைக்கால் பிடிப்பு, எதிலும் மனம் செல்லாத சோர்வு ஆகியவை வரும். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்கள் உப்புப் போட்ட மோரும் தெளிந்த கறிச்சாறும் குடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் உப்பைக் கூட்டாமல் முதலில் அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். அது இறங்கி மாத்திரை அதிகமாகியிருக்கக்கூடும். நம் ஊர் வெயிலையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். மே மாதம் 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கும் அக்கினி நட்சத்திரத்தில் வியர்வையாலேயே உப்பு போய்க்கொண்டிருக்கும்போது இந்த முறையைத் தொடங்குவது புத்திசாலித்தனமன்று. ஆடி கழிந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

முட்டையும் கறியும் கூடிக் காய்கறி குறைந்தால் மலச்சிக்கல் வரும். வாயில் ஒருவிதப் பழவாடை அடிக்கும். யூரிக் அமிலம் உள்ளவர்களுக்குத் தொடக்க வாரங்களில் கால் பெருவிரல் மூட்டு வீங்கினால், ஈரல், குடல் ஆகியவற்றை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரைக்காக உணவை மாற்றுகிறவர் நாக்கையோ ஊர்ப்பேச்சையோ நம்பாமல் குளுக்கோமீட்டரைக் கேட்க வேண்டும். முதல் கவளம் வாயில் வைத்த நேரத்திலிருந்து எண்ணி, ஒரு மணியிலும் இரண்டு மணியிலும் பார்க்கலாம். சர்க்கரை நோயாளிகள் பலருக்கு 180 மில்லிகிராமுக்குள் இருப்பது பொதுவான இலக்கு. சிறுதானியம் என்பதற்காகச் சர்க்கரை ஏறாமலிருக்காது. மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிய கேழ்வரகு, முழு அரிசியாக வேகவைத்த குதிரைவாலியைவிட விரைவாக ஏற்றும்; தட்டு நிறையச் சாப்பிட்டால் குதிரைவாலியும் ஏற்றும். கடையில் வாங்கும்போது வெள்ளை வெளேரென்று தீட்டியதைத் தவிர்க்க வேண்டும். பேரையூர், டி.கல்லுப்பட்டிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளைவதுதானே, கேட்டால் அதிகம் தீட்டாததும் கிடைக்கும்.

வாயு என்று நினைக்கக் கூடாதவை

நம் ஊரில் நெஞ்சில் எது வலித்தாலும் வாயு என்று சொல்லிச் சோடா வாங்கிக் குடிக்கிறார்கள். நெஞ்சு இறுக்கத்தோடு வியர்வை, மூச்சிரைப்பு, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் சோடாக் கடையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பு. உடனே இசிஜி எடுக்கும் இடத்துக்குப் போக வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலி குறைவாகவே தெரியக்கூடும். மலத்தில் இரத்தம், தார்போன்ற கறுப்பு மலம் (இரும்புச்சத்து மாத்திரையும் கறுப்பாக்கும் என்றாலும் கேட்டுவிடுவது நல்லது), தூக்கத்திலிருந்து எழுப்பும் கழிச்சல், விழுங்குவதில் சிரமம், முயலாமலே எடை குறைதல், மஞ்சள் காமாலை ஆகிய எதுவும் உணவு மாற்றத்தின் பக்கவிளைவன்று.

நீக்கிப் பார்த்து, திருப்பிச் சேர்த்துப் பார்ப்பது

நான்கு வாரம் பொறுத்த பிறகும் ஒரு தொல்லை தீரவில்லையென்றால், அப்போதுதான் சந்தேகப்பட்ட பண்டத்தை இரண்டு வாரம் முழுதாக நீக்க வேண்டும். நீக்கியதும் நலமாயிற்று என்று அங்கேயே நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். பாதி வேலைதான் அது. பிறகு அதைத் தனியாக, முதல் நாள் சிறிது, மறுநாள் சற்று அதிகம், மூன்றாம் நாள் வழக்கமான அளவு என்று திருப்பிச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த மூன்று நாளும் வேறு புதிய உணவு எதுவும் கூடாது. நூறு உணவுகளுக்கு ஒரே இரத்தப் பரிசோதனையில் விடை சொல்வதாக விற்கப்படும் ‘ஐஜிஜி’ (இரத்தத்திலுள்ள ஒருவகை எதிர்ப்புப் புரதம்) பரிசோதனைகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அவை ஒருவர் எதைச் சாப்பிட்டுவந்தார் என்பதைக் காட்டுமே தவிர, எது ஒவ்வாது என்பதைக் காட்டாது.

என் நோட்டில் கம்பங்கூழுக்கு எதிராக ஒன்பது குறிப்புகள் இருந்தன. தெப்பக்குளத்துப் பக்கம் தள்ளுவண்டியில் காலை 11 மணிக்குக் கூழ் குடித்த நாளெல்லாம் மாலை 4 மணிக்குமேல் வயிறு பொருமியது. கூழை இரண்டு வாரம் நிறுத்தினேன், பொருமல் போயிற்று. திருப்பிச் சேர்க்கும்போது வீட்டிலேயே காய்ச்சி, மோர் மட்டும் விட்டு, மூன்று நாளும் குடித்தேன், ஒன்றும் செய்யவில்லை. அதன்பிறகே குறிப்புகளை மறுபடி வாசித்தபோது, வண்டிக்கூழ் ஒவ்வொன்றின் பக்கத்திலும் “வெங்காயம்” என்று நானே எழுதிவைத்திருந்தது கண்ணில் பட்டது. கடித்துக்கொள்ளக் கைப்பிடி சின்ன வெங்காயம் தருவார்கள். வெங்காயத்தை மட்டும் பழைய சோற்றோடு தின்று பார்த்தேன். மாலையில் அதே பொருமல். வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றிலும் பிரக்டான் என்ற செரிக்காத சர்க்கரைத் தொடர் இருக்கிறது. சப்பாத்தி ஒத்துக்கொள்ளவில்லை என்பவர்களில் சிலருக்கும் காரணம் இதுவே.

பிரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகையால் குழம்பில் போட்ட வெங்காயத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் குழம்பை ஊற்றிக்கொள்வதால் தப்ப முடியாது. எண்ணெயில் முழுப்பூண்டையும் வெங்காயத்தையும் வதக்கி, அவற்றை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் மட்டும் தங்கும். பச்சையாகக் கடிப்பதில் என் அளவு மூன்று வெங்காயம். ஐந்தானால் மாலையில் தெரிந்துவிடுகிறது.